அசுரர் நாட்டு இராப்பொழுது

மானிடரின் ஓராண்டு தேவரின் ஒரு நாள் என்று வீட்டு முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். தை தொடக்கம் ஆனி வரை அவர்களுக்குப் பகல். ஆடி தொடக்கம் மார்கழி வரை இரவு. ஆதலால் மார்கழி அவர்களுடைய வைகறை என்று சொல்லி, திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன்னரே எம்மை எழுப்பிவிடுவர். குளிரிலே கண்ணைக் கசக்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்கும் பிள்ளைக்கு, தேவர்களுக்கு விடிந்தால் எமக்கென்ன என்றுதான் தோன்றும். பின்னர் கல்லூரியிலே பூமிசாஸ்திரம் கற்றபோதுதான் அக்கூற்று வெறுங்கதையன்று என்பது தெரிந்தது. சூரிய சித்தாந்தம் என்னும் பழைய வானசாஸ்திர நூல், வடகோடியிலுள்ள மேருவில் தேவரும், அதற்கு நேரெதிரே தென்கோடியில் அசுரரும் வசிப்பதாக வைத்து, ஒருமுறை உதித்த சூரியனை ஆறு மாதம் தேவர் காண்பர், அடுத்த ஆறு மாதம் அசுரர் காண்பர், ஒருசாரார்க்குப் பகலாயின் மறுசாரார்க்கு இரவு என்று கணக்கிட்டிருக்கிறது. துருவங்களை எவரும் கண்ணாற் காணாத காலத்திலே கணிதத்தால் மட்டும் கண்ட உண்மை அது. கணிதப்படி தேவருக்கு விடிவது தைமாதத்திலன்று, பங்குனியிலேதான். ஆனால் அந்த வேறுபாட்டை இங்கே விரிக்கப் புகுந்தால் சோதிடர்கள் எம்முடன் வழக்குக்கு வருவார்கள், விட்டுவிடுவோம்.

அந்த அசுரர் நாட்டிலே 1956 ஆம் ஆண்டு தொடக்கம் இடையறாது மனிதர் குடியிருந்து வருகின்றனர் என்பதுதான் நாம் சொல்லவந்த செய்தி. 1911 டிசெம்பர் 14 இல் நோர்வே நாட்டவரான அமுன்ட்சன் தென்துருவத்தை முதன்முதல் அடைந்தார். 1912 சனவரி 17 இல் ஆங்கிலேயரான ஸ்கொட் அங்கே சென்று, முந்திக்கொண்டவரின் கொடியைக் கண்டு, திரும்பும் வழியிலே தோழர் நால்வருடன் மாண்டார். இருவரும் அங்கே தங்கியது கோடையிற் சில நாட்களே. அதன்பின் நாற்பத்துநான்கு ஆண்டுகளாக அந்நிலத்தில் எவரும் கால்வைக்கவில்லை. 1956 ஒக்டோபர் 31 இல் அமெரிக்கக் கடற்படையின் விமானமொன்று அங்கே இறங்கியது. சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டை முன்னிட்டு ஒரு நிலையம் கட்டினர். இரு வீரரின் பெயரையும் சேர்த்து அதற்கு அமுன்ட்சன்-ஸ்கொட் நிலையம் என்று பெயரிட்டனர். அடுத்த மாரியிலே பதினெட்டுப் பேரும் ஒரு நாயும் அங்கே தங்கினர். எவ்வளவு குளிரும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அங்கே மாரியைக் கழித்த மனிதர் அதற்கு முன் எவருமிலர். அவ்வாண்டு செப்டெம்பரில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழ் 74 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கியது. பின்னர் 1982 சூன் 23 இல் பதிவான 82.8 பாகையே அந்நிலையத்தின் கடுங்குளிர்.

இந்த இடத்தின் தன்மையைச் சிறிது மனத்தில் வரைந்துகொள்ளுதல் நன்று. கடல் மட்டத்திலிருந்து 2,835 மீற்றர் உயரம், ஆனால் மலையன்று. ஏறக்குறைய 2,700 மீற்றர் தடிப்பான பனிக்கட்டியின் மேற்பரப்பு அது. கல் இல்லை, மண் இல்லை, புல் இல்லை. எப்பக்கம் திரும்பினும் வடக்கு. எமது நாட்டிலே பருவம் மாறுவதை மாம்பூவும் குயிலும் வாடைக்காற்றும் அறிவிக்கும். கமக்காரன் வானத்தைப் பார்த்துச் சொல்லுவான். அங்கே பருவத்தை அறிவிப்பது ஆகாய விமானம். ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதலிலோ சறுக்குப் பலகை பூட்டிய முதல் விமானம் வந்தால் கோடை. பெப்ரவரி நடுவிலே கடைசி விமானம் போய்விட்டால் மாரி. கோடையிலே நூற்றைம்பது பேர் வரை நெருங்கி வாழ்வர். மாரியிலே எஞ்சுவோர் நாற்பது, நாற்பத்தைந்து பேர். குளிர் 50 பாகைக்குக் கீழே இறங்கிய பின்னர் வழக்கமான விமானங்கள் அங்கே வருவதில்லை. எட்டு மாதங்களுக்கு வழக்கமாக எவரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. கடைசி விமானம் தலைக்குமேல் ஒருமுறை வட்டமிட்டு மறைந்ததும் எல்லோரும் உள்ளே சென்று, அந்தாட்டிக்காவிலே ஒரு முகாமுக்குள் பூதம் புகுந்து ஒவ்வொருவராகக் கொல்லும் பயங்கரத் திரைப்படம் ஒன்றைக் கூடியிருந்து பார்ப்பது வழக்கமாம். மனிதரின் விசித்திரத்துக்கு அளவில்லை.

சூரியனோ இந்த ஆரவாரங்களைப் பொருட்படுத்தாமல் தன் கதியிலே போகின்றான். டிசெம்பர் 21 அளவில் அடிவானுக்குமேல் இருபத்துமூன்றரைப் பாகை உயரத்தில் நின்று, ஏறாமலும் இறங்காமலும் வானத்தைச் சுற்றிவருவான். நட்டுவைத்த கோலின் நிழல் நாள் முழுதும் ஒரே நீளமாக மணிக்கம்பிபோலச் சுற்றும். பின்னர் நாளுக்கு ஒரு மயிரிழையாகத் தாழ்வான். மார்ச் 20 ஐ அடுத்து அடிவானத்தின்மேல் உருண்டோடுவான். சூரிய வட்டம் முற்றாக மறைவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். எமது ஊரிலே தீபாராதனை காட்டி முடிவதற்குள் பொழுது பட்டுவிடுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே அதிகம். அங்கேயோ சூரியன் மறைந்தபின் அந்திவெளிச்சம் மட்டும் ஏழு வாரம் நிற்கும். மே மாதத்தின் நடுப்பகுதியிலேதான் முழு இருள். அவ்விருள் சூலை முடியும்வரை. இடையிடையே சந்திரன் மட்டும் வருவான். வந்தால் இரண்டு வாரம் படாமல் நிற்பான், போனால் இரண்டு வாரம் தலைகாட்டான். மாரியிலே பூரணை நாளில் அவன் உயரத்தில் நிற்கும்படி அமைந்திருப்பது ஒரு கருணை என்றே சொல்லவேண்டும். சந்திரனில்லாத நாட்களிலே துருவ ஒளி பச்சைத் திரைச்சீலைபோல வானத்தில் அசையும்.

இதனை வகுப்பிலே விளக்குவதற்கு நாம் ஒரு தோடம்பழத்தில் ஈர்க்குக் குத்தி, அதனைச் சரித்துப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தைச் சுற்றிக் கொண்டுபோவது வழக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் தோடம்பழம் கடைசியில் யாருக்கு என்பதிலேயே கண்ணாயிருப்பர். சென்ற ஆண்டு ஒருவன் மட்டும் எழுந்து, "சேர், அப்ப அங்கை எப்ப நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எமக்கு அது சிரிப்பதற்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. பொழுது விடிவதும் படுவதும் இல்லாத இடத்தில் நாள் என்பது எங்கேயிருந்து வருகிறது?

மணிக்கூட்டிலிருந்து வருகிறது என்பது முதல் மறுமொழி. ஆனால் எந்த மணிக்கூடு? உலகத்தின் நெடுங்கோடுகள் எல்லாம் அங்கே ஒரு புள்ளியிற் கூடுகின்றன. எந்த நாட்டு நேரத்தை வைத்தாலும் தவறில்லை. விமானங்கள் நியூசிலாந்து வழியாக வருவதால் அந்நாட்டு நேரத்தையே வைத்திருக்கின்றனர். ஆனால் மணிக்கூடு மாத்திரம் நாளை உண்டாக்கிவிடாது. வேலைதான் உண்டாக்குகிறது. நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு ஓய்வு.

துருவத்து நிலையம் என்றவுடன் தாடி வளர்த்த விஞ்ஞானிகள் வானத்தை நோக்கிக்கொண்டிருப்பதாக நாம் எண்ணுகிறோம். மாரியில் அங்கே தங்குவோரில் விஞ்ஞானிகள் சிறுபான்மையர். சமையற்காரர், தச்சர், மின்தொழிலாளர், குழாய் பொருத்துவோர், இயந்திரம் திருத்துவோர், எரிபொருட் காவலர், களஞ்சியப் பொறுப்பாளர் ஆகியோரே பலர். மின்பிறப்பாக்கி நின்றால் நிலையம் நின்றது. அந்த இயந்திரங்களின் கழிவு வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டிக்குள் ஆழமாக ஒரு கிணறு உருக்கி, அதிலிருந்து தண்ணீர் எடுக்கின்றனர். அக்கிணற்றின் அடியிலே 1995 இல் திரட்டிய நுண்ணிய விண்கற் துகள்கள், கி.பி. 1100 க்கும் 1500 க்கும் இடையிலே பெய்த பனியோடு வீழ்ந்தவை என்று கண்டனர். ஆரியச் சக்கரவர்த்திகள் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது பெய்த பனியிலே ஒருவர் தேநீர் வைத்துக் குடித்திருப்பார் என்று நினைக்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. அத்தனை பனியின்மேல் இருந்துகொண்டும் தண்ணீருக்குப் பஞ்சம்: உருக்குவதற்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளோ விமானத்திலும் பனிமேற் செல்லும் இழுவை வண்டிகளிலும் வரவேண்டும். ஆகவே ஒருவருக்குக் கிழமையில் இரண்டு குளிப்பு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். எமது வீட்டுக் கிணற்றடியில் வாளி வாளியாக வார்க்கும் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிப் பார்த்தோம், பயன் கிட்டவில்லை.

இவற்றுக்கு மேலாக எல்லோருக்கும் வீட்டுவேலை உண்டு. கோப்பை கழுவுதல், நிலம் துடைத்தல், குப்பை பிரித்தல், மலசலகூடம் கழுவுதல் ஆகியன முறைவைத்து வரும். கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கும் விலக்கில்லை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'வீட்டெலி'. இன்று யார் வீட்டெலி என்று பலகையைப் பார்த்து அறிவது அங்கே கிழமையை அறியும் ஒரு வழி.

வெளி வேலை செய்வோரின் பாடு இன்னொன்று. தொலைநோக்கிகள் வாழ்மனையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. வானத்தை ஆராயும் கருவிகளுக்கு இடையூறு நேராதபடி மாரியிலே யன்னல்களை அட்டையால் மறைத்துவிடுவர். வெளியிலே வெள்ளை வெளிச்சம் ஆகாது. சிவப்பு விளக்கு மாத்திரம் கொள்ளலாம். 60 பாகை உறைகுளிரிலே, நட்டுவைத்த கொடிகளின் வரிசையைப் பற்றிக்கொண்டு நாள்தோறும் நடக்கவேண்டும். காற்று அங்கே மெலிந்தது, மிக உலர்ந்தது. அதனாலேயே விண்வெளியிலிருந்து வரும் நுண்ணலைகளை அங்கிருந்து தெளிவாகக் காணமுடிகிறது. எமது பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையின் உருவம் என்று 2022 இல் வெளியான படத்துக்குத் துணைசெய்த தொலைநோக்கிகளில் இங்குள்ளதும் ஒன்று. பனிக்கட்டிக்குள்ளே ஒரு கன கிலோமீற்றர் பரப்பில் 5,160 ஒளியுணர் கருவிகளைப் புதைத்து, நியூத்திரினோ என்னும் பேய்த்துகள்களுக்கு வலைவிரித்திருக்கின்றனர். அவ்வேலை 2010 டிசெம்பரில் நிறைவுற்றது. இன்னொரு கட்டடத்திலே காற்றைக் குடுவையில் அடைத்து அளக்கின்றனர். மாசு மிகக் குறைந்த அந்தக் காற்றிலும் கரியமில வாயு பத்து இலட்சத்துக்கு 400 பங்கு என்னும் எல்லையை 2016 மே 23 இல் தாண்டிற்று. புகைபோக்கி ஒன்றுமில்லாத கண்டத்தின் நடுவிலே எங்கள் எல்லோருடைய அடுப்புப் புகையும் கணக்கெழுதப்படுகிறது.

இத்தனை வேலைக்கிடையிலும் இருள் தன் வேலையைச் செய்யாமலில்லை. நித்திரை முறை தவறும். ஞாபகம் தடுமாறும். பேசிக்கொண்டிருப்பவர் பாதியிலே நிறுத்தி வெறித்துப் பார்ப்பார். பத்தடி அறையில் இருந்துகொண்டு பன்னிரண்டடிக்கு அப்பால் நோக்கும் பார்வை என்று அதனை அவர்களே கேலிசெய்வர். ஒருவர் கரண்டியால் கோப்பையைத் தட்டும் ஓசையே இன்னொருவருக்குப் பொறுக்கமுடியாத குற்றமாகிவிடுவதுண்டு.

நாம் துருவத்துக்குப் போனதில்லை. ஆனால் அந்தப் பார்வையை ஒருவாறு அறிவோம். எமது சிறுபராயம் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றியே கழிந்தது. 1990 இல் நின்றது, ஆண்டுக்கணக்காக வரவில்லை. ஜாம் போத்தலிலே அரை விரற்கடை மண்ணெண்ணெய் ஊற்றி, பஞ்சுத்திரி இட்டுக் கொளுத்திய விளக்கடியில் நாலு தலைகள் கூடிப் படிப்போம். எண்ணெய் விற்ற விலைக்கு எட்டு மணிக்குமேல் விளக்கு எரியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலே வானொலிச் செய்தி கேட்போம். கடிதம் வருவது எப்போதாவது. எவர் வருவார், எவர் போவார் என்று சொல்லமுடியாது. அந்நாட்களிலே எமது அப்பாச்சி ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருக்கவேண்டும். வியாழன் மாலை சட்டிபானை எல்லாம் விளக்கியாகவேண்டும்; வெள்ளி விடிய முற்றம் கூட்டிச் சாணகம் தெளித்தாகவேண்டும்; அரிசியும் பருப்புமே இருந்தாலும் அன்றைக்குத் தலைவாழையிலை போட்டாகவேண்டும். "இண்டைக்கு வெள்ளி எண்டு நாங்கள் நினைக்காட்டி, ஆர் நினைக்கிறது?" என்பார். அக்காலத்தில் அது முதியோரின் பிடிவாதம் என்றே கருதினோம். இன்று துருவத்து நிலையத்தின் நேரசூசியை வாசிக்கும்போது அப்பாச்சியின் குரல்தான் காதில் விழுகிறது.

அங்கேயும் சாப்பாட்டு மேசைதான் நாளின் நடுத்தூண். உறையவைத்ததும் தகரத்தில் அடைத்ததுமான உணவையே மாதக்கணக்காக உண்பவருக்கு ஒரு பச்சை இலை பெரும் செல்வம். 2004 தொடக்கம் நிலையத்துக்குள்ளே மண்ணின்றி நீரிலே பயிர் வளர்க்கும் ஓர் அறை இருக்கிறது. சலாது இலை, தக்காளி, வெள்ளரி ஆகியன விளக்கொளியிலே வளர்கின்றன. சமையலுக்குக் கிடைப்பது கொஞ்சந்தான். ஆனால் நிலையத்திலே ஈரலிப்பும் பசுமையும் உள்ள இடம் அது ஒன்றே ஆகையால், வேலை முடிந்தவர்கள் வந்து ஒன்றும் செய்யாமல் அங்கே உட்கார்ந்திருப்பார்களாம். சூன் 21 ஐ ஒட்டி நடுமாரித் திருநாள். சூரியன் மிகத் தாழ்ந்து, இனித் திரும்புவான் என்னும் நாள். அந்தாட்டிக்காவிலுள்ள எல்லா நாட்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பும். நல்ல உடை உடுத்து, மேசைவிரிப்பு விரித்து, பல கறிகளோடு விருந்துண்பர். சூரியன் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆயினும் விருந்து அன்றைக்கே.

1999 ஆம் ஆண்டு மாரியிலே நடந்ததை இங்கே சொல்லாமல் விடமுடியாது. ஜெரி நீல்சன் என்னும் அம்மையார் அவ்வாண்டு நிலையத்தின் ஒரே வைத்தியர். கடைசி விமானம் போய்ச் சில வாரங்களுக்குப் பின்னர் தம் மார்பிலே ஒரு கட்டியைக் கண்டார். நாற்பது பேருக்கு வைத்தியர் அவர். அவருக்கு வைத்தியர் எவருமில்லை. தாமே ஊசிகொண்டு திசுவை எடுத்தார். அப்போது அவருக்குத் துணைநின்றவர் இரும்பு ஒட்டும் தொழிலாளி ஒருவர். சூலை மாதத்து நள்ளிருளிலே ஓர் விமானம் இறங்காமலே மேலே பறந்து மருந்துப் பொதிகளை வான்குடையில் போட்டது. கீழே பீப்பாக்களில் நெருப்புமூட்டி இடம் காட்டினர். பொதிகளைப் பனியில் உறையுமுன் தேடி எடுத்து உள்ளே கொண்டுவந்தனர். புற்றுநோய் மருந்தைச் சகபாடிகள் அவருக்கு ஏற்ற, செய்மதி வழியாக அமெரிக்க வைத்தியர்கள் நெறிப்படுத்தினர். அந்த மாதங்களிலும் அவர் மற்றவர்களுக்கு வைத்தியம் செய்வதை விடவில்லை. ஒக்டோபர் 16 இல் வழக்கமான காலத்துக்கு முன்னரே ஒரு விமானம் துணிந்து இறங்கி அவரை ஏற்றிச்சென்றது. அதன்பின் பத்தாண்டு வாழ்ந்து 2009 இல் அந்நோயாலேயே காலமானார். அவருடைய துணிவை உலகம் போற்றியது, தகும். எம் மனத்திலே நிற்பவர்களோ, அந்தக் குளிரிலே பீப்பா நெருப்பை அணையவிடாமல் நின்றவர்கள். அவர்களில் எவரும் அந்த வேலைக்கென்று அங்கே போனவரல்லர்.

ஓகஸ்டிலே அடிவானத்தின் ஓர் ஓரத்தில் மங்கலான வெளிச்சம் தோன்றும். ஒவ்வொரு நாளும் சுற்றிச்சுற்றி வரும். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையும். யன்னல் அட்டைகளைக் கழற்றுவர். செப்டெம்பர் 20 ஐ அடுத்துச் சூரியன் உதிக்கும். அதற்கும் ஒரு விருந்து. ஆனால் அந்த வெளிச்சமே வானத்தில் ஒரு தீமையையும் எழுப்பிவிடுகிறது. மாரிக் குளிரிலே உயரத்தில் உண்டான முகில்களில் குளோரின் பதமாகிக் காத்திருக்கும். சூரிய ஒளி பட்டதும் ஓசோன் படையை அரிக்கத் தொடங்கும். ஆகவே விடியற்காலத்து வேலைகளில் முக்கியமானது பலூன் விட்டு ஓசோனை அளத்தல். பல மாதத்து நித்திரைக் கலக்கத்தோடு இருப்பவர்களுக்கு அது இன்னும் வேலையை இரட்டிப்பாக்கும். விமான ஓடுபாதையைச் சீராக்கவும் வேண்டும், புதியவர்களுக்கு அறைகளை ஒழுங்குசெய்யவும் வேண்டும்.

முதல் விமானம் பழங்களையும் தடிமனையும் சேர்த்தே கொண்டுவரும். வருகிறவர்கள் கலகலவென்று பேசுவர். இருந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பர். சில நாட்களில் மாரிக்காரர் ஒவ்வொருவராக ஏறிப் போய்விடுவர். அவர்கள் இருண்ட மாதங்களிலே ஓய்ந்த நேரத்தில் இழைத்து முடித்த ஒரு பொருள் மட்டும் அங்கே எஞ்சியிருக்கும். பனிப்பாளம் ஆண்டுக்குப் பத்து மீற்றர் அளவில் நகர்வதால், துருவப் புள்ளியைக் காட்டும் குறியை ஆண்டுதோறும் புதிய இடத்தில் நடவேண்டியிருக்கிறது; அதற்கான உலோகத் தலைப்பை மாரிக்காரரே வடிவமைப்பர். சனவரி முதலாந் திகதி அதனை நாட்டுகின்றனர். பழையதைப் பிடுங்கி உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைப்பர். அதனைச் செய்தவர்களிற் பெரும்பாலோர் அந்நேரம் உலகத்தின் வேறெங்கோ, நாளுக்கொருமுறை படுகின்ற சூரியனின்கீழ் இருப்பர்.